உடல் முடியை வீட்டில் நீக்குவோர் அறிய வேண்டியவை

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் காலை, எலும்பு அறுவைப் பிரிவிலிருந்து எனக்கு அவசர அழைப்பு வந்தது. தோல் மருத்துவரை அறுவை அரங்கின் வாசலுக்கு அழைப்பது அரிது. அங்கே, முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்காக வந்திருந்த அறுபத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவர் படுக்கையில் காத்திருந்தார். அவருடைய வலது முழங்காலைச் சுற்றிச் சிவந்த சிறு பொரிகள் இருபதுக்கும் மேல் இருந்தன. சிலவற்றின் நுனியில் வெண்மையாகச் சீழ் கட்டியிருந்தது. இடையிடையே கத்தி கீறிய மெல்லிய கோடுகள்.

இரண்டு நாட்களுக்கு முன் அவருடைய மகன், தந்தையை நாற்காலியில் அமர வைத்து, தொடையிலிருந்து கணுக்கால் வரை சவரக்கத்தியால் மழித்துவிட்டிருக்கிறார். “செவிலியர்களுக்கு வேலை மிச்சமாகட்டும் என்று நினைத்தேன், டாக்டர்” என்றார் அவர். பெரியவரோ, “அவனை ஒன்றும் சொல்லாதீர்கள், நல்லது நினைத்துத்தான் செய்தான்” என்று எங்களைச் சமாதானப்படுத்தினார். அந்தத் தோலைக் கீறி உள்ளே உலோக மூட்டைப் பொருத்துவது இயலாத காரியம். மயிர்க்கால்களில் குடியேறிய கிருமி மூட்டைச் சென்றடைந்தால், பொருத்திய மூட்டையே மீண்டும் எடுக்க வேண்டி வரலாம். அறுவை மூன்று வாரங்கள் தள்ளி வைக்கப்பட்டது. வலியுடன் காத்திருப்பவருக்கு மூன்று வாரம் என்பது சிறிய காலம் அன்று. விடுப்பு எடுத்து வெளியூரிலிருந்து வந்திருந்த மகனுக்கும் அது எளிதன்று.

இதில் எங்கள் பங்கும் இருந்தது. அவருக்கு நாங்கள் கொடுத்திருந்த அறிவுரைத் தாளில் “அறுவை செய்யப்படும் இடத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவும்” என்று ஒரு வரி இருந்தது. சோப்பும் தண்ணீரும் கொண்டு குளித்துவிட்டு வருவதையே நாங்கள் கருதினோம். ஆனால் நம் பேச்சு வழக்கில் உடலின் ஒரு பகுதியைச் ‘சுத்தம் செய்வது’ என்றால் முடியை மழிப்பது என்றும் பொருள் உண்டல்லவா? அந்த வரி இப்போது மாற்றப்பட்டுவிட்டது. இந்தக் கட்டுரை எழுதப்படுவதற்கும் அந்த வரியே காரணம்.

முடியை நீக்க வேண்டுமா?

உடல் முடியை நீக்குவது ஒருவருடைய விருப்பம். வழக்கம், சமயம், அழகுணர்ச்சி, வியர்வை எனக் காரணங்கள் பல. மருத்துவ நோக்கில் அது கட்டாயமன்று. அக்குளிலும் பிறப்புறுப்புப் பகுதியிலும் முடி இருப்பது அழுக்கு என்னும் எண்ணம் பரவலாக இருக்கிறது. நாள்தோறும் சோப்பிட்டுக் கழுவி, ஈரம் போக உலர்த்தினால் முடி உள்ள தோலும் தூய்மையான தோலே. தோலும் தோலும் உராயும் மடிப்புகளில் உராய்வைக் குறைக்கும் வேலையை அம்முடி செய்கிறது.

மழித்தால் முடி தடித்து வளரும் என்று பெண்கள் பலர் அஞ்சுகிறார்கள். அதே வீட்டில், குழந்தைக்கு மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்று மகிழ்வோரும் இருக்கிறார்கள். கத்தி ஒன்றுதான், ஓரிடத்தில் அச்சம், மற்றோரிடத்தில் நம்பிக்கை. இரண்டுக்கும் அடிப்படை இல்லை. வெளியே தெரியும் முடி உயிரற்ற பொருள். அதை வெட்டுவது தோலுக்கு அடியில் உள்ள வேருக்குத் தெரியாது. 1928-இல் அமெரிக்க உடற்கூற்றியல் அறிஞர் மில்ட்ரெட் டிராட்டர், மழிப்பதால் முடியின் வளர்ச்சியில் மாற்றம் ஏற்படுவதில்லை என்பதை அளந்து காட்டினார். பிறகு ஏன் சொரசொரப்பாகத் தோன்றுகிறது? இயல்பாக வளர்ந்த முடியின் நுனி கூர்ந்து மெலிந்திருக்கும். மழித்தபின் வெளிவரும் முடி, வெட்டிய கரும்பைப் போல மழுங்கிய முனையுடன் வருகிறது. ஆகவே கைக்குத் தடித்ததுபோல் படுகிறது.

அறுவைக்கு முன்பும் மகப்பேற்றுக்கு முன்பும்

சவரக்கத்தி முடியை மட்டும் வெட்டுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவில் தோலின் மேலடுக்கையும் சீவி எடுக்கிறது. அந்த நுண்ணிய கீறல்களில், நம் எல்லோருடைய தோலிலும் மூக்கிலும் சாதாரணமாக வாழும் ஸ்டெபிலோகாக்கஸ் போன்ற கிருமிகள் பெருகுகின்றன. பெருகுவதற்கு அவற்றுக்குத் தேவை நேரம் ஒன்றே. முந்தைய நாளே மழித்துவிட்டு வருவது அந்த நேரத்தை நாமே வழங்குவதாகும்.

1971-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கத்தியால் மழிக்கப்பட்டவர்களில் 100-க்கு 5.6 பேருக்கு அறுவைக் காயத்தில் தொற்று ஏற்பட்டது. முடி நீக்கப்படாதவர்கள், கிரீம் கொண்டு நீக்கப்பட்டவர்கள் ஆகியோரில் அது 0.6 மட்டுமே. மழித்த நேரமும் கணக்கில் எடுக்கப்பட்டது. அறுவைக்குச் சற்று முன் மழித்தவர்களில் 3.1 விழுக்காடு, 24 மணி நேரத்துக்குள் மழித்தவர்களில் 7.1 விழுக்காடு, அதற்கும் முன்பே மழித்தவர்களில் 20 விழுக்காட்டுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், அறுவைக்காக முடியை நீக்கவே வேண்டாம். தவிர்க்க இயலாவிடில் கிளிப்பர் எனப்படும் மின்கத்தரியால் மட்டும் வெட்ட வேண்டும். சவரக்கத்தி எந்த நிலையிலும் கூடாது என்று கூறியிருக்கிறது. கிளிப்பர் முடியைக் குட்டையாக வெட்டும். தோலைத் தொட்டுச் சீவாது.

ஆகவே அறுவைக்கு நாள் குறிக்கப்பட்டவர்கள் அந்த இடத்தை வீட்டில் மழிக்க வேண்டாம். கத்தி மட்டுமன்று, மெழுகும் கிரீமும் கூட வேண்டாம். முதல்நாள் இரவோ அன்று காலையோ சோப்பிட்டுக் குளித்து, துவைத்த ஆடை அணிந்து வந்தால் போதும். தேவையானால் முடியை இங்கே நாங்கள் வெட்டிக்கொள்வோம். அறியாமல் மழித்துவிட்டீர்களா? தயங்காமல் சொல்லிவிடுங்கள். உங்களைக் கடிந்துகொள்வதற்காகக் கேட்கவில்லை. தோலைப் பார்த்து முடிவெடுக்க எங்களுக்கு அது தெரிந்தாக வேண்டும்.

மகப்பேற்றுக்கும் இது பொருந்தும். பிரசவ நாள் நெருங்கும்போது கர்ப்பிணிக்கு மழித்துவிடுவது பல வீடுகளில் தாயாரின் பொறுப்பாக இன்றும் இருக்கிறது. நிறைமாத வயிற்றுடன் தாமே கைக்கண்ணாடி வைத்துக்கொண்டு மழிக்க முயன்று ஆழமாக வெட்டிக்கொண்ட பெண்ணையும் பார்த்திருக்கிறேன். சுகப் பிரசவத்துக்கு முன் வழக்கமாக மழிப்பதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. பிரசவத்துக்கு வரும் பெண் மழிக்காமல் வந்தால் யாரும் குறையாக எண்ணமாட்டார்கள்; எண்ணினால் அது அவர்களுடைய குறை.

சவரக்கத்தியைப் பயன்படுத்தும் முறை

வீட்டில் பெரும்பாலோர் பயன்படுத்துவது ரேசர்தான். மலிவானது, எளிதில் கிடைப்பது. முறையாகக் கையாண்டால் பாதுகாப்பானதும் கூட. தவறுகள் பெரும்பாலும் அவசரத்தினால் நேர்கின்றன. குளிக்கப் போகும் முன் உலர்ந்த தோலில் நான்கு இழுப்பு இழுத்துவிட்டு ஓடுவது அவற்றுள் முதன்மையானது.

குளித்து முடிக்கும் தறுவாயில் மழிப்பதே நல்லது. வெதுவெதுப்பான நீர் இரண்டு மூன்று நிமிடம் பட்டால் முடி நீரை உறிஞ்சி மென்மையாகும். குறைந்த அழுத்தத்திலேயே வெட்டுப்படும். நீளமான முடியை முதலில் கத்தரிக்கோலால் குட்டையாக்கிக்கொள்ளுங்கள். சவரக் கிரீமோ ஜெல்லோ தடவி, தோலை மற்றொரு கையால் மெல்லத் தட்டையாக்கி, முடி வளர்ந்திருக்கும் திசையிலேயே இழுக்க வேண்டும். எதிர்த்திசையில் இழுத்தால் வழவழப்பாக வரும் என்பது உண்மை. ஆனால் அப்போது முடி தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டுப்பட்டு, மீண்டும் வளரும்போது வெளியே வர வழியின்றித் தோலுக்குள்ளேயே வளைந்து குத்திக்கொள்கிறது. சுருண்ட முடி உள்ளவர்களுக்குத் தாடையிலும் கழுத்திலும் பிறப்புறுப்புப் பகுதியிலும் வரும் கறுத்த பொரிகளுக்கு இதுவே காரணம். இவற்றை ஊசியாலோ நகத்தாலோ தோண்டி எடுக்க முனைவோர் தழும்பைத்தான் சம்பாதிக்கிறார்கள். சில வாரங்கள் மழிப்பதை நிறுத்தினாலே பெரும்பாலான முடிகள் தாமாக வெளிவந்துவிடும்.

பிளேடை ஐந்து முதல் ஏழு முறைக்குமேல் பயன்படுத்த வேண்டாம். குளியலறையின் ஈரத்திலேயே கிடக்கும் ரேசரில் துருவும் கிருமியும் சேரும். உதறி, உலர்ந்த இடத்தில் வையுங்கள். கணவன் மனைவியானாலும் அண்ணன் தம்பியானாலும் ஒரே ரேசரைப் பகிர்தல் கூடாது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ், உடலுக்கு வெளியே உலர்ந்த ரத்தத்தில் குறைந்தது ஏழு நாட்கள் உயிர்ப்புடன் இருக்க வல்லது. கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தமே தொற்றுக்குப் போதுமானது. முடிதிருத்தகத்தில் புதிய பிளேடு போடச் சொல்லிக் கேட்பவர்கள், வீட்டில் தந்தையின் ரேசரை எடுத்து மீசையைச் சரிசெய்யும் மகனைக் கண்டுகொள்வதில்லை.

மழித்தபின் படிகாரம் தேய்க்கும் பழக்கம் நல்லதா என்று அடிக்கடி கேட்கிறார்கள். சிறு கீறலில் கசியும் ரத்தத்தை அது நிறுத்தும். அதைக் கிருமிநாசினி என்று நம்பிவிடக் கூடாது. பலர் பயன்படுத்தும் ஒரே கட்டியைத் தேய்ப்பதும் ரேசரைப் பகிர்வதைப் போன்றதே. மழித்த இடத்தைக் குளிர்ந்த நீரால் கழுவி, ஒற்றி எடுத்து, மணமற்ற ஈரப்பதக் களிம்போ தேங்காய் எண்ணெயோ லேசாகத் தடவுங்கள். அக்குளில் மழித்த உடனே வாசனைத் திரவியம் அடிக்க வேண்டாம், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

தோலில் ஏற்கெனவே படர்தாமரை, மரு, சீழ்க்கொப்புளம் இருந்தால் அந்த இடத்தில் கத்தி படக் கூடாது. கத்தி சென்ற வழியெல்லாம் அது பரவும். தாடியில் மருவைக் கவனிக்காமல் நாள்தோறும் மழித்து, ஒரு மருவை முப்பதாக்கிக்கொண்டு வந்த இளைஞர்கள் என் புறநோயாளிப் பிரிவில் புதியவர்கள் அல்லர். அக்குளிலும் தொடையிடுக்கிலும் கட்டி வந்து, உடைந்து, ஆறி, மீண்டும் மீண்டும் வருகிறது என்றால் அது வெறும் வெயில் கட்டியாக இராது. அது தனியான ஒரு தோல் நோயாக இருக்கலாம்; மழிப்பது அதை மோசமாக்கும். மூக்கின் உட்புற முடியைப் பிடுங்க வேண்டாம். மூக்கையும் மேலுதட்டையும் சேர்ந்த பகுதியின் ரத்தக்குழாய்கள் மூளையை ஒட்டிய குழாய்களோடு தொடர்புடையவை. அங்கே கட்டி வந்து பரவினால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். முனை உருண்டையான சிறு கத்தரிக்கோலால் வெளியே நீளும் முடியை மட்டும் வெட்டினால் போதும்.

கிரீம், பொடி, மெழுகு, ஒளிக்கருவி

முடி நீக்கும் கிரீம்களில் இருப்பது தயோகிளைகோலேட் வகைச் சேர்மம். முடியை உருவாக்கும் கெரட்டின் என்னும் புரதத்தின் இணைப்புகளை அது அறுத்துக் கூழாக்குகிறது. நம் தோலின் மேலடுக்கும் கெரட்டினால் ஆனதே! கிரீமுக்கு முடி எது, தோல் எது என்று பிரித்தறியத் தெரியாது. முடி சற்று முன்னதாகக் கரைகிறது, அவ்வளவே. எனவே உறையில் குறிப்பிட்ட நிமிடத்துக்குமேல் ஒரு நிமிடம்கூட வைத்திருக்கக் கூடாது. கடிகாரத்தைப் பார்த்துச் செய்யுங்கள். முடி முழுவதும் போகவில்லை என்றால் அன்றே மீண்டும் தடவ வேண்டாம்.

முதல்முறை பயன்படுத்துவோர் கையின் உட்புறத்தில் சிறு துளி வைத்து, உரிய நேரத்தில் கழுவி, ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். கால்களுக்கென்று விற்கப்படும் கிரீமை முகத்திலோ பிறப்புறுப்பின் மெல்லிய தோலிலோ போடக் கூடாது. அப்படிப் போட்டுவிட்டு எரிச்சலை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, மூன்று நாள் கழித்துத் தோல் உரிந்த நிலையில் வந்தவர்கள் உண்டு. எரிச்சல் தொடங்கிய நொடியே துடைத்தெடுத்து, ஓடும் நீரில் நெடுநேரம் கழுவுங்கள். எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்புப் பொருளை அதன்மேல் ஊற்றி ‘முறிக்க’ முயலாதீர்கள்.

மலிவு விலைப் பொடிகளைப் பற்றி ஒரு கடுமையான எச்சரிக்கை. சிலவற்றில் பேரியம் சல்ஃபைடு உள்ளது. தோலில் பட்டால் எரிச்சல். விழுங்கினால் கொடிய நஞ்சு. ரத்தத்தில் பொட்டாசியம் சரிந்து, கைகால்கள் செயலிழந்து, இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். குழந்தைகளுக்கும், மறதி நோய் உள்ள முதியவர்களுக்கும், மனச்சோர்வில் இருப்பவர்களுக்கும் எட்டும் இடத்தில் அது இருக்கவே கூடாது. யாரேனும் விழுங்கிவிட்டால் உறையையும் எடுத்துக்கொண்டு உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். பழைய மருந்து என்று சொல்லி அரிதாரமும் சுண்ணாம்பும் கலந்து தருவோரையும் அணுகாதீர்கள். அரிதாரம் என்பது ஆர்சனிக் நஞ்சு அடங்கிய தாது.

மெழுகினாலும் சர்க்கரைப் பாகினாலும் முடியை வேரோடு பிடுங்குவது சில வாரங்களுக்குத் தாங்கும். வீட்டில் நேரும் விபத்து பெரும்பாலும் சூட்டினால் வருவதே. சர்க்கரைப் பாகு கொதிநீரைவிடச் சூடேறும். தோலில் ஒட்டிக்கொண்டு விலகாது. மணிக்கட்டின் உட்புறத்தில் சிறிது வைத்துப் பார்த்த பின்னரே பயன்படுத்துங்கள். சுட்டுவிட்டால் குழாய் நீரை இருபது நிமிடம் அதன்மேல் ஓட விடுங்கள். பற்பசையும் மையும் மாவும் வேண்டாம். முகப்பருவுக்காக ஐசோட்ரெடினாய்ன் மாத்திரை உட்கொள்வோர், அதை நிறுத்தி ஆறு மாதம் ஆகும்வரை மெழுகை நாடக் கூடாது. பட்டையுடன் தோலே உரிந்து வரலாம். ரெடினாய்டு களிம்பு தடவும் முகத்திலும் இதே ஆபத்து உண்டு. நூல் கொண்டு முகமுடி எடுப்பது ஒப்பீட்டளவில் தீங்கற்றது. நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொள்ளும் வழக்கத்தை மட்டும் நான் விரும்புவதில்லை.

இணையத்தில் வாங்கி வீட்டில் பயன்படுத்தும் ஒளிக்கருவிகளைப் பற்றி இப்போது நிறையக் கேட்கிறார்கள். அவை முடியில் உள்ள மெலனின் என்னும் கருநிறப் பொருள் ஒளியை உறிஞ்சிச் சூடாவதை நம்பிச் செயல்படுபவை. நம்மில் பலருக்குத் தோலிலேயே மெலனின் நிறைந்திருக்கிறது. வெளிர்ந்த தோலுக்கென அமைந்த கருவி கருநிறத் தோலைச் சுட்டு, மாதக்கணக்கில் மறையாத தழும்பைத் தரக்கூடும். உறையில் உள்ள தோல்நிற அட்டவணையில் உங்கள் நிறம் ‘வேண்டாம்’ என்னும் கட்டத்தில் இருந்தால் அதை மதியுங்கள். மச்சம், பச்சை குத்திய இடம் ஆகியவற்றின்மேல் எவரும் அதைப் படவிடக் கூடாது. நரைத்த முடிக்கு அதனால் பயன் இல்லை.

நோயுற்றவர்களும் அவர்களைப் பராமரிப்பவர்களும்

சர்க்கரை நோய் நெடுநாளாக உள்ளவர்களுக்குக் காலில் உணர்வு குறைந்திருக்கும். வெட்டுப்பட்டதும் தெரியாது, சுட்டதும் தெரியாது. அவர்கள் முழங்காலுக்குக் கீழே கத்தியும் மெழுகும் பயன்படுத்தாதிருப்பதே நன்று, டிரிம்மர் போதும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளை உட்கொள்வோர் மற்றொன்றையும் நினைவில் வைக்க வேண்டும. இவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. அரிதாக, பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதியில் தசையை அழுகச் செய்யும் கடுந்தொற்று இவற்றுடன் தொடர்புபடுத்தப்பட்டிருக்கிறது. 2018-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு எச்சரிக்கை வெளியிட்டது. மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டியதில்லை; அவை இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்பவை. அப்பகுதியில் கத்தியைத் தவிர்த்து டிரிம்மர் பயன்படுத்துங்கள். அங்கே வலியும் வீக்கமும் சிவப்பும் தோன்றி, காய்ச்சலோ மிகுந்த சோர்வோ சேர்ந்தால் இரவு இரண்டு மணியானாலும் அவசரப் பிரிவுக்கு வந்துவிட வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கும் சில மணி நேரமே இந்நோயில் விலை மிகுந்தது. கூச்சம் காரணமாக வீட்டாரிடம்கூடச் சொல்லாமல் இருந்து, நிலைமை முற்றியபின் கொண்டுவரப்பட்ட ஒருவரை என்னால் மறக்க முடியவில்லை.

வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை உட்கொள்வோருக்கும் தட்டணுக்கள் குறைந்தவர்களுக்கும் மின்சார ஷேவரே ஏற்றது. வெட்டுப்பட்டுவிட்டால் சுத்தமான துணியை மடித்து, இடையிடையே எடுத்துப் பார்க்காமல், பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அப்போதும் நிற்காவிடில் மருத்துவமனைக்கு வாருங்கள்.

மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளின் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்ட பெண்களுக்கு அந்தப் பக்கத்து அக்குள் மரத்திருக்கும், உட்குழிந்தும் இருக்கும். கத்தி வெட்டியது கண்ணாடியில் பார்த்தால்தான் தெரியும். அந்தக் கையில் நிணநீர் வடிகால் குறைந்திருப்பதால் சிறு காயமும் கை முழுவதும் பரவும் தொற்றாகி, நீங்காத வீக்கத்தில் கொண்டுவிடலாம். மின்சார ஷேவரைக் கண்ணாடி முன் நின்று பயன்படுத்துங்கள். கதிர்வீச்சு பெறும் தோலில் கத்தி, மெழுகு, கிரீம் மூன்றும் கூடாது. கீமோதெரபி நடக்கும்போது வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் கத்தியைத் தொடவே வேண்டாம். தலைமுடி கொட்டத் தொடங்கியதும் மழித்துவிட விரும்புவோர் பலர். அதையும் டிரிம்மரால் செய்துகொள்ளலாம்.

படுக்கையிலேயே இருப்பவரைப் பராமரிப்போருக்குத் தனியாகச் சில சொற்கள். சிறுநீரும் மலமும் தம்மை அறியாமல் வெளியேறும் நிலையில், முடியில் அசுத்தம் ஒட்டிக்கொண்டு சுத்தம் செய்வது கடினமாகிறது என்று மருமகள்களும் மகள்களும் சொல்வது நியாயமே. அதற்குத் தீர்வு வழவழப்பாக மழிப்பதன்று. பாதுகாப்புச் சீப்பு பொருத்திய டிரிம்மரால் அரை அங்குலம் விட்டு வெட்டினால் போதும். செய்யும் முன் அவரிடம் சொல்லுங்கள், பேச இயலாதவராயினும். கதவைச் சாத்தி, வேண்டிய பகுதியை மட்டும் திறந்து வைத்துச் செய்யுங்கள். ஈரத்திலேயே ஊறி வெளுத்த தோலில் எந்தக் கருவியும் பட வேண்டாம்.

பக்கவாதம் வந்தவருக்கு முகச்சவரம் செய்யும்போது அவரை நன்கு விழித்திருக்கும் நேரத்தில், தலைப்பக்கம் உயர்த்தி அமர வையுங்கள். செயற்கைப் பற்கள் இருந்தால் அணிவித்துவிட்டால் கன்னம் நிமிரும். செயலிழந்த பக்கத்தில் வலி தெரியாது. அங்கே இருமடங்கு மெதுவாகச் செய்யுங்கள். ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சார ஷேவரையும் டிரிம்மரையும் இயக்கக் கூடாது. சிறு பொறியும் தீப்பற்றக் காரணமாகும். ஆக்சிஜனைச் சிறிது நேரம் நிறுத்தலாமா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

முடியே அறிகுறியாகும்போது

பெண்ணுக்குத் தாடையிலும் மேலுதட்டிலும் மார்பிலும் தடித்த முடி புதிதாக வளர்கிறதென்றால் அதை நீக்கும் வழியைக் கேட்கும் முன், அது ஏன் வந்தது என்று கேட்க வேண்டும். மாதவிலக்கு தவறுதல், எடை கூடுதல், முகப்பரு ஆகியவை சேர்ந்திருந்தால் சினைப்பை நீர்க்கட்டி நோயாக இருக்கலாம். சில மாதங்களுக்குள் விரைந்து வளர்ந்து, குரலும் தடித்தால் தாமதமின்றிப் பரிசோதிக்க வேண்டும். அரிதாகச் சினைப்பையிலோ அட்ரினல் சுரப்பியிலோ கட்டி இருக்கக்கூடும். சில மருந்துகளும் முடியை வளர்க்கும். சிறுநீரக மாற்று சிகிச்சை பெற்றோர் உட்கொள்ளும் சைக்ளோஸ்போரின், வலிப்புக்குக் கொடுக்கப்படும் ஃபெனிடாய்ன் ஆகியவை அத்தகையன. முகத்தில் முடி வளர்கிறது என்று பள்ளி செல்லும் பெண் பிள்ளை சைக்ளோஸ்போரினை இரகசியமாக நிறுத்தினால், பொருத்திய சிறுநீரகத்தையே உடல் நிராகரித்துவிடும். அவளுடைய வருத்தத்தைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்காமல் எங்களிடம் அழைத்து வாருங்கள். மருந்தை மாற்றுவதும் முடியைப் பாதுகாப்பாக நீக்குவதும் பேசித் தீர்க்கக்கூடியவையே.

மழித்தபின் தோன்றும் சிறு பொரிகள் இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். அடங்காமல் சீழ் வைத்தாலும், சிவப்பு விரிந்துகொண்டே போனாலும், காய்ச்சல் வந்தாலும் காட்டுங்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பை அதன்மேல் தடவ வேண்டாம். இரண்டு நாள் அடங்கியதுபோல் காட்டி, உள்ளே தொற்றை வளர்க்கும். ஏற்கெனவே தடவியிருந்தால் அந்தக் குழாயையும், பயன்படுத்திய கிரீம் அல்லது பொடியின் உறையையும், உட்கொள்ளும் மாத்திரைகளின் சீட்டையும் மறவாமல் கையோடு எடுத்து வாருங்கள்.